சாம்பல் படியும் ஊரில் காருக்கு எந்த பாலிஷிங் மெஷின்?

கேள்வி: ஊர் சேத்தியாத்தோப்பு, நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்டுக்குத் தினமும் காரில்தான் போய்வருகிறேன். போன வருஷம் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினேன். வண்டியைப் பளபளவென்று வைத்துக்கொள்வதில் எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். வாட்டர் சர்வீஸில் கேட்டால் "பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி இருக்கும்" என்கிறார்கள். நானே பாலிஷ் போட்டுப் பழகலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஊர் பெயின்ட் மாஸ்டர், "ரோட்டரி வாங்கு, மத்ததெல்லாம் வேலைக்கு ஆகாது" என்கிறார். வீடியோக்களில் எல்லோரும் டி.ஏ. மெஷின் என்கிறார்கள். தச்சு வேலை செய்யும் என் மச்சான், தன்னிடம் இருக்கிற சாண்டரிலேயே ஸ்பாஞ்சை மாட்டிப் போடலாமே என்கிறார். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது? பழகிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் வண்டிக்கும் போட்டுக்கொடுக்கலாமா?

வாசகர், சேத்தியாத்தோப்பு

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி.ஏ. மெஷின் வாங்குங்கள். 15 மி.மீ. த்ரோ, பேடை ஒட்டவைக்கும் 5 அங்குல பேக்கிங் பிளேட் உள்ளதாகப் பாருங்கள். பத்தாயிரத்தையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது பேட், காம்பவுண்டு, மைக்ரோஃபைபர் துணி, கழுவுகிற சாமான் இவற்றுக்கு ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இனி, ஏன் என்று பார்ப்போம். கம்பெனியில் அடித்து வருகிற பெயின்ட், துரு தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், உங்கள் காரின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த வட்டக் கீறல்கள் இந்தக் கிளியர் கோட்டின் மேல்முகத்தில்தான் இருக்கின்றன. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்துவிடுவதுதான் பாலிஷ். எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் இந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. அதனால் இது மெலிந்துபோன வண்டிகளில் ரூஃபும் பானட்டும் சில வருஷத்தில் வெளுத்து, செதில் செதிலாக உரியும். நெடுஞ்சாலையில் அப்படி எத்தனையோ வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

எனவே, எந்த மெஷின் வேகமாகக் கீறலை எடுக்கும் என்று கேட்காதீர்கள். எந்த மெஷின் தேவைக்கு மேல் ஒரு மைக்ரானையும் எடுக்காது என்று பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நெய்வேலிச் சுரங்கத்து மேல்மண், பழுப்பு நிலக்கரித் தூசி, அனல்மின் நிலையச் சாம்பல், விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் கிளம்பும் மண், கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கரித்தூள், இத்தனையும் வண்டியின் மேல் உட்காருகிறது. சாம்பலில் பெரும்பகுதியைப் புகைபோக்கிக்கு முன்னாலேயே மின்விசையால் பிடித்துவிடுகிறார்கள். தப்பி வருவது கொஞ்சம்தான். ஆனால் அது கண்ணாடிபோல் இறுகிய நுண்மணிகள். சிலிக்காவும் அலுமினாவும் கலந்தது, கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அதோடு நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து தூக்கலாக இருக்கும். பனியில் நனைந்து மறுபடி வெயிலில் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு இறுகும்.

இப்போது உங்கள் வட்டக் கீறல்கள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே புரிந்திருக்கும். ஷிஃப்ட் முடிந்து ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது, டேஷ்போர்டில் கிடக்கும் காய்ந்த துணியால் பானட்டை ஒரு தட்டுத் தட்டித் துடைக்கிறோமே, அதுதான் முதல் காரணம். வாட்டர் சர்வீஸில் ஒரே ஸ்பாஞ்சைத் தரையில் போட்டு, எடுத்து, லாரிக்கும் காருக்கும் தேய்ப்பது அடுத்த காரணம். வண்டி பழையதானதால் வந்த கீறல் இல்லை இது. இந்தப் பழக்கம் மாறாவிட்டால், நீங்கள் பாலிஷ் போட்ட ஒரே மாதத்தில் கீறல் திரும்பி வரும், திரும்பப் பாலிஷ் போடுவீர்கள், கிளியர் கோட் கரைந்துகொண்டே போகும். அதனால் முதல் செலவு இரண்டு வாளி, நல்ல கார் ஷாம்பூ, ஒரு மைக்ரோஃபைபர் கையுறை. முதலில் தண்ணீரை மேலிருந்து கீழாகப் பீய்ச்சித் தூசியை இறக்குங்கள். அப்புறம்தான் கை வைக்கவேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். இதைச் செய்தாலே வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் மெஷினைத் தொட வேண்டியிருக்காது.

மெஷினுக்கு வருவோம். உங்கள் பெயின்ட் மாஸ்டர் சொல்வது அவர் வேலைக்கு நூற்றுக்கு நூறு சரி. பட்டி போட்டு, பெயின்ட் அடித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்த முகத்தை மின்ன வைக்க ரோட்டரியும் கம்பளி பேடும் வேண்டும். அவருக்குக் கையில் வருஷக்கணக்கான நிதானம் இருக்கிறது. பெயின்ட் மெலிந்துபோனாலும் திரும்ப அடிக்க கன்னும் கம்ப்ரசரும் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்களிடம் இருப்பது கம்பெனி அடித்த அந்த ஒரே கிளியர் கோட்.

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். 6 அங்குல பேட் நிமிஷத்துக்கு 1500 சுற்றில் ஓடினால், பேடின் விளிம்பு மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பெயின்ட்டை உரசுகிறது. உரசல் முழுக்க ஒரே தடத்தில் என்பதால் சூடு சட்டென்று ஏறும். கதவு விளிம்பிலோ பானட்டின் மடிப்பிலோ இரண்டு விநாடி தங்கிவிட்டால் பெயின்ட் கருகி, அடிப் பிரைமர் தெரிந்துவிடும். அப்படி ஆகாமல் தப்பினாலும், வெயிலில் பார்த்தால் சுழல் சுழலாக நிழலாடும் ஹோலோகிராம் தடம் நிற்கும். கறுப்பு, கருஞ்சாம்பல் வண்டிகளில் அது பழைய கீறலைவிட அசிங்கமாகத் தெரியும்.

டி.ஏ. என்கிற டூயல் ஆக்‌ஷனில் பேட் இரண்டு விதமாக அசைகிறது. மையத்தை விட்டு விலகி ஒரு சின்ன வட்டத்தில் ஆடிக்கொண்டே, தன்னைத் தானும் சுற்றிக்கொள்ளும். அந்த ஆட்டத்தின் விட்டம்தான் த்ரோ. 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று கிடைக்கும். உரசல் ஒரே தடத்தில் விழுவதில்லை, சூடு பரவலாகப் போய்விடுகிறது. நீங்கள் அளவுக்கு மீறி அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். கற்றுக்கொள்கிறவர் கையில் இதுதான் பெரிய பாதுகாப்பு. முழுக்கக் காப்பாற்றும் என்று நினைக்கவேண்டாம், விளிம்பில் வம்பாக அழுத்தி நின்றால் டி.ஏ.யும் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஆனால் அதற்கு அவகாசம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் நீங்கள் கையை எடுத்துவிடுவீர்கள்.

த்ரோவில் 15-ஐ ஏன் சொன்னேன்? நீண்ட த்ரோ மெஷினுக்குப் பேர்போனது இத்தாலியின் ரூபெஸ் கம்பெனி. அவர்கள் 15-ம் 21-ம் இரண்டுமே போடுகிறார்கள். 21 மி.மீ. பெரிய, சமதளமான முகத்தில் வேகமாக வேலை முடிக்கும். எஸ்.யூ.வி. பானட், ரூஃப் என்றால் சந்தோஷமாக இருக்கும். ஸ்விஃப்டில் அப்படிச் சமதளம் எங்கே இருக்கிறது? மட்கார்டு வளைவு, கதவுக் கோடு, பில்லர் எல்லாம் குறுகல். 21-இன் பெரிய பிளேட் அங்கே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். 8 மி.மீ. மெஷின் சன்னமாக இழைக்கும், ஆனால் கீறல் ஆழமாக இருந்தால் நேரம் பிடிக்கும். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனி பல்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைக்கிற 8 மி.மீ. டி.ஏ. ஒன்று போடுகிறது. அது அழுத்தினாலும் நிற்காது. அருமையான மெஷின்தான், ஆனால் முதல் மெஷினாக வேண்டாம். விலையும் உங்கள் கைக்கு எட்டாது. உங்கள் பட்ஜெட்டில் வருவது அதிகம் பேர் தெரியாத கம்பெனிகளின் 15 மி.மீ. மெஷின்கள். அவற்றில் பிராண்டைப் பார்ப்பதைவிட, கார்பன் பிரஷ்ஷும் பேக்கிங் பிளேட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சென்னை போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கையில் பிடித்து, ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிஷம் ஓடியதும் உள்ளங்கை மரத்துப்போனால் அந்த மெஷின் வேண்டாம். முழு வண்டி முடிக்க உங்களுக்கு ஒரு நாள் ஆகும், அத்தனை நேரமும் அந்த அதிர்வை உங்கள் மணிக்கட்டுதான் வாங்கவேண்டும். ஒரு மெஷினுக்கு வந்த பிளேட்டை விட்டுவிட்டு வேறு அளவு பிளேட் மாட்டினாலும் அதிர்வு கூடும். உள்ளே இருக்கிற எதிர் எடை அந்த மெஷினோடு வந்த பிளேட்டுக்குப் பொருத்தமாக வைத்தது.

மச்சானின் சாண்டர் மரத்துக்கு மட்டும். 5 அங்குல ராண்டம் ஆர்பிட் சாண்டர்களில் ஆட்டம் இரண்டரை மி.மீ. அளவுதான் இருக்கும். ஸ்பாஞ்சை மாட்டினால் அந்த ஆட்டம் ஸ்பாஞ்சுக்குள்ளேயே அமுங்கிவிடும், பெயின்ட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. டிரில்லில் மாட்டுகிற பஞ்சும் வேண்டாம். ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண 4 அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று ஓடுவது. அதைப் பெயின்ட்டின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பெரிய வட்டத் துணியோடு மலிவாக விற்கிற "கார் பஃபர்" வாக்ஸ் பரப்ப உதவும், கீறலை எடுக்காது.

மெஷின் வந்ததும் முழு வண்டியில் இறங்கிவிடாதீர்கள். முதலில் கழுவுங்கள். காய்ந்ததும் கையில் ஒரு மெல்லிய பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் இப்போது நறநறவென்று இருக்கும். அதுதான் கழுவியும் போகாமல் ஒட்டியிருக்கிற சாம்பலும் பிரேக் தூசியும். கிளே பார் என்கிற களிமண் கட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டு இழைத்து அதை எடுத்துவிடவேண்டும். எடுக்காமல் மெஷின் வைத்தால் அந்தத் துகள் பேடில் ஏறி, நீங்களே புதுக் கீறல் போட்டவர் ஆவீர்கள். போர் தண்ணீர் சொட்டு காய்ந்த வெள்ளை வளையங்கள் இருந்தால், நிழலில் வைத்துத் தண்ணீர் கலந்த வினிகரால் நனைத்து உடனே அலசிவிடுங்கள்.

பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்புக் கோடு, விளிம்பு, ரப்பர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போடுங்கள். பேட் சுற்றுகிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். புதுப் பேட் என்றால் அதன் முகம் முழுக்கக் காம்பவுண்டைக் கையால் தடவி ஊறவிடுங்கள், அப்புறம் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. மெஷினை ஆன் செய்யாமலே நாலு இடத்தில் ஒற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் பரப்புங்கள், பிறகு வேக டயலை நாலு, ஐந்துக்கு ஏற்றுங்கள். மெஷினின் எடையோடு கையின் எடை கொஞ்சம் சேர்ந்தால் போதும். விநாடிக்கு ஓர் அங்குலம் நகர்த்துங்கள். இடம் வலமாக ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடவேண்டும். இப்படி நாலு முறை போகும்போது, முதலில் பால் வெள்ளையாக இருந்த காம்பவுண்டு மெலிந்து எண்ணெய்ப் படலம்போல் ஆகும். அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்து தூள் பறக்கும் வரை ஓட்டினால் அந்தத் தூளே கீறும். மார்க்கர் கோடு சுழலாமல் நின்றுபோனால் கையை லேசாக்குங்கள், அல்லது மெஷினைத் தட்டையாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது பானட்டில் உரசிக்கொண்டே வரும்.

துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். அதுவும் போதாது. சில பாலிஷ்களில் எண்ணெய் அதிகம், கீறலை மறைத்துக் காட்டும், இரண்டு கழுவில் பழையபடி வந்து நிற்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

இதையெல்லாம் முதலில் மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்துச் செய்யுங்கள். பாதிக்கு மேல் கீறல் போய்விட்டதா, அதுவே போதும், முழு வண்டியையும் அதிலேயே முடித்துவிடுங்கள். போகவில்லை என்றால் மட்டும் கட்டிங் பேட், கட்டிங் காம்பவுண்டு. நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிற கீறலை மெஷினால் எடுக்க நினைக்காதீர்கள். அதன் ஆழத்துக்குத் தேய்த்தால் கிளியர் கோட்டே மிஞ்சாது. காம்பவுண்டுக்கு 3எம், மெகுயார்ஸ், மென்செர்னா எதுவானாலும் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். பெயின்ட் கடையில் டப்பாவில் வருகிற முரட்டு ரப்பிங் காம்பவுண்டு வாட்டர் பேப்பர் தடத்துக்கானது, உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

பேடில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே பேடால் முழுக் காரையும் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் "டி.ஏ. வேலை செய்யவில்லை" என்று சொல்வார்கள். இரண்டு பகுதி முடிவதற்குள் பேடின் முகத்தில் தேய்ந்த பெயின்ட்டும் காய்ந்த காம்பவுண்டும் அடையடையாகக் கட்டியிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு நைலான் பிரஷ்ஷால் அதை உதிர்த்துவிடுங்கள். கட்டிங்கில் இரண்டு, ஃபினிஷிங்கில் இரண்டு, பில்லர் போன்ற குறுகல் இடத்தில் கையால் போட 3 அங்குலத்தில் ஒன்று இருந்தால் நிம்மதி. தொட்டுப் பார்த்துப் பேட் கைக்குச் சுட்டால் மாற்றுங்கள். சூட்டில் வெல்க்ரோ ஒட்டு விட்டுப்போய் பேட் பறந்துவிடும்.

வேலை நிழலில்தான். சித்திரை வெயிலில் நின்ற பானட்டில் காம்பவுண்டு பரப்புவதற்குள் காய்ந்துவிடும். வேப்பமரத்தடியும் வேண்டாம், பூவும் எச்சமும் விழுந்துகொண்டே இருக்கும். கூரை போட்ட போர்டிகோவில், பனி உலர்ந்த பிறகு காலையில் ஆரம்பியுங்கள். மெஷின் பெரும்பாலும் 500 முதல் 900 வாட்ஸ் இருக்கும், வீட்டுச் சாதாரணப் பிளக்கே தாங்கும். எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் தடிமனாக இருக்கட்டும். கரன்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள்.

செகண்ட்ஹேண்டு வண்டி என்றதால் இன்னொன்று. எந்தப் பேனல் மறுபடி பெயின்ட் அடித்தது என்று தெரியாமல் மெஷின் வைக்கக்கூடாது. பழைய கார் வியாபாரிகளிடம் பெயின்ட் தடிமன் மீட்டர் இருக்கும், ஒரு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். 100 முதல் 150 வரை காட்டினால் கம்பெனிப் பூச்சு. 200-க்கு மேல் போனால் மறுபூச்சு. பல நூறு காட்டினால் உள்ளே பட்டி. மறுபூச்சுப் பேனலில் தடிமன் அதிகம் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள், அதில் கிளியர் கோட் எவ்வளவு, பட்டி எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்த மீட்டர் வேலை செய்யாது. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாததால் பெயின்ட் சீக்கிரம் சூடேறும். பம்பரை எப்போதும் கடைசியில், லேசான கையோடு செய்யுங்கள்.

நண்பர்கள் வண்டி பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் உங்கள் வண்டியை முழுசாக முடித்த பிறகு. தொடங்கும் முன் வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பேனலையும் போட்டோ எடுத்துவையுங்கள். எந்தக் கீறல் போகும், எது போகாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வெளுத்து உரிய ஆரம்பித்த ரூஃபைத் தொடாதீர்கள், அது பெயின்ட் ஷாப்புக்குப் போகவேண்டியது. யாராவது பழைய வெள்ளை மாருதி 800, ஆம்னி கொண்டுவந்தால், மறைவான ஓரிடத்தில் கையாலேயே கொஞ்சம் பாலிஷ் தேய்த்துத் துணியைப் பாருங்கள். பாலிஷின் வெள்ளையோடு குழம்பாமல் இருக்கக் கறுப்புத் துணியும் நிறமுள்ள பாலிஷும் நல்லது. துணியில் பெயின்ட்டின் நிறம் ஏறினால் அந்த வண்டிக்குக் கிளியர் கோட் கிடையாது, நிறப்பூச்சே மேல்பூச்சு. பயப்படத் தேவையில்லை, நன்றாகவே மின்னும். பேடை அடிக்கடி சுத்தம் செய்துகொண்டே போங்கள், முடித்த அன்றைக்கே வாக்ஸ் போட்டு அனுப்புங்கள்.